கொழுக்கும் செடி, இளைக்கும் பருப்பு

கொல்கத்தா லேக் மார்க்கெட். ஜனவரி மாதக் காலை ஏழரை மணி. ராஷ்பிகாரி அவென்யூவை விட்டுப் பனிமூட்டம் இன்னும் கிளம்பவில்லை. பருப்புக் கடை வாசலில் சாக்குகளின் வாயைச் சுருட்டிவிட்டு வரிசையாக வைத்திருக்கிறார்கள்: மசூர், சோனா மூங், கடலைப் பருப்பு, பட்டாணிப் பருப்பு, பியூலி என்று இவர்கள் சொல்லும் உளுந்து. ஓரத்தில், தெற்கத்தி வாடிக்கையாளர்களுக்காகத் துவரை.

"மாஷிமா, ஆஜ் கீ தேபோ?" (இன்றைக்கு என்ன தரட்டும்?) என்கிறார் கடைக்காரர். மாஷிமா என்பது சித்தி, பெரியம்மா முறை. கேட்கப்பட்டவர் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்து நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் இருப்பவர். அரைக் கிலோ துவரை, ஒரு கிலோ மசூர் என்று வங்க மொழியில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார். "சாம்பார் வைக்கிற அன்னிக்குத்தான் துவரை. மத்த நாளெல்லாம் எங்களுக்கும் இதுதான். வந்த புதுசுல மாமியார் இதை அடுப்படிக்குள்ளயே விடல. இங்கே விதவைகள் மசூர் சாப்பிடக் கூடாதும்பா. வெங்காயம், பூண்டு மாதிரி இதுவும் ஆமிஷ். அசைவக் கணக்கு!"

கடைக்காரர் இரண்டு சாக்குகளில் கைவிட்டு எடுத்துக் காட்டினார். ஒன்றில் மணி சின்னது, நிறம் ஆழம்; அது தேஷி, நதியா, முர்ஷிதாபாத் பக்கத்துச் சரக்கு. இன்னொன்று பெரிய, தட்டையான மணி, கனடாவிலிருந்து கப்பலில் வந்தது. தேஷிக்கு விலை கூடுதல். மாஷிமா யோசிக்காமல் தேஷியைக் காட்டினார். "கரைஞ்சு வரும். வாசனையும் இருக்கும்."

இரண்டு சாக்குக்கும் பொதுவான ஒரு சங்கதி அந்தக் கடையில் யார் கண்ணுக்கும் தெரியாது. காற்றில் ஏறிக்கொண்டிருக்கும் கரியமில வாயு இந்தச் செடிகளை முன்னைவிட ஊட்டமாக வளர்க்கிறது. அதே வாயு மணிக்குள் இருக்கும் இரும்பையும் துத்தநாகத்தையும் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. செடிக்குக் கிடைக்கும் ஊட்டமாவது விவசாயிக்கு வந்து சேருமா என்று பார்த்தால், அதற்கு வயலில் ஈரமும் பூக்கும் நேரத்தில் குளிரும் வேண்டும். வங்காளத்திலும் நம் காவிரிப் படுகையிலும் பருப்பு விளைவதோ நெல் குடித்து மீந்த ஈரத்தில்.

காற்றே உரமா?

கரியமில வாயு கூடினால் பயிருக்கு நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. நெல், கோதுமை, பயறு எல்லாம் ஒரே வகையில் ஒளிச்சேர்க்கை செய்பவை. காற்றிலிருந்து கரியைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி இவற்றில் கொஞ்சம் தடுமாற்றக்காரன்: கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் அவ்வப்போது ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அந்தப் பிழையைச் சரிசெய்யவே செடி தன் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. காற்றில் கரியமில வாயு கூடக்கூட இந்தத் தடுமாற்றம் குறைகிறது, சர்க்கரை மிச்சமாகிறது.

நெல்லுக்கு இந்த மிச்சம் சீக்கிரம் திகட்டிவிடும். சர்க்கரை இருந்தும் அதற்கு ஈடாக மண்ணில் தழைச்சத்து கிடைக்காததால், இலை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பயறு வகைகளுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. அவற்றின் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியாக்கள் குடித்தனம் இருக்கின்றன. காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கிக் கொடுத்துவிட்டு, வாடகைக்குப் பதிலாகச் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. மலிவான வாடகை இல்லை. ஒரு கிராம் நைட்ரஜனுக்கு ஏறக்குறைய ஆறு கிராம் கார்பன். கரியமில வாயு கூடும்போது செடியின் கையில் சில்லறை புரள்கிறது, முடிச்சுகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறது, பதிலுக்குக் கூடுதல் தழைச்சத்து வருகிறது. கோட்பாட்டளவில், இந்தக் காற்றில் அதிக லாபம் பார்க்க வேண்டியது பயறு குடும்பம்தான்.

கரியும் செடியும் பற்றிய ஆராய்ச்சிக்குக் கொல்கத்தா பழைய ஊர். ஜகதீஷ் சந்திர போஸ் 1917 நவம்பர் 30-ம் தேதி, தன் பிறந்த நாளில், போஸ் ஆய்வு நிலையத்தைத் திறந்தார். அவர் அதிகம் சோதித்த இரண்டு செடிகள் தொட்டாற்சுருங்கியும், தானாகவே இலையை அசைக்கும் தொழுகண்ணியும். இரண்டுமே பயறு குடும்பம். குளத்துப் பாசிக்கொடியான ஹைட்ரில்லாவிலிருந்து கிளம்பும் ஆக்சிஜன் குமிழிகளைத் தானே எண்ணிப் பதியும் கருவி ஒன்றையும் செய்தார். கோடையில் அந்தக் கொடி வழக்கமான பாதையை விட்டு, மாலிக் அமிலத்தின் வழியாகக் கரியைச் சேர்க்கிறது என்று கண்டு 1924-ல் ஒளிச்சேர்க்கை பற்றிய நூலில் எழுதினார். அதன் பொருள் உலகத்துக்குப் புரியப் பல பத்தாண்டுகள் ஆயின.

பெட்டிச் செய்தி: ஏறும் எண்கள்

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 280 பங்கு. ஹவாயின் மௌனா லோவாவில் அளவெடுப்பு தொடங்கிய 1958-ல் 315. 2024-ன் ஆண்டுச் சராசரி 424-ஐத் தாண்டியது. 2025 மே மாதச் சராசரி 430-க்கும் மேல். பயிர்ச் சோதனைகள் பெரும்பாலும் 550 என்ற அளவை வைத்து நடக்கின்றன. புகை வெளியேற்றம் குறையாவிட்டால் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரக்கூடிய காற்று அது.

கூண்டுக் கணக்கும் வயல் கணக்கும்

வருங்காலக் காற்றை இன்றைக்கே செடிக்குக் கொடுத்துப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலே திறந்த கண்ணாடித்தாள் கூண்டு. ஹைதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட கூண்டுகளில் துவரை, உளுந்து போன்றவற்றை 550, 700 அளவுகளில் வளர்த்துப் பார்த்தது. குறுகிய காலத் துவரை ஒன்று 700-ல் விதை விளைச்சலில் இரு மடங்கைத் தாண்டியது. இந்த எண்ணை மட்டும் படித்தவர், கவலையை விட்டுவிட்டுக் கொண்டாடலாம் என்றே நினைப்பார்.

இன்னொரு வழி, கூண்டே இல்லாமல், திறந்த வயலைச் சுற்றி வளையமாகக் குழாய் போட்டு வாயுவை விடுவது. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்த வசதி உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2001-ல் இருந்து சோயா மொச்சைக்கு இதைச் செய்கிறார்கள். காற்றும் வெயிலும் பூச்சியும் புகுந்து விளையாடும் அந்த வயலில் விளைச்சல் கூடியது ஏறத்தாழ 15 சதவீதம். கூண்டுச் சோதனைகள் வாக்குக் கொடுத்ததில் பாதி.

அதுவும் மழை பெய்த வருஷங்களில். அதே வயலின் எட்டு வருஷக் கணக்கு 2016-ல் வெளியானது. வறட்சி கூடக்கூட அந்த 15 சதவீதமும் கரைந்து, கடைசியில் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. கரியமில வாயு கூடினால் இலைத்துளைகள் சற்றே மூடிக்கொள்ளும், தண்ணீர் மிச்சமாகும், வறட்சியில் செடி தாக்குப்பிடிக்கும் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. வயலில் நடந்தது வேறு. ஊட்டத்தில் செடி ஆரம்பத்திலேயே இலையை அடர்த்தியாக விரித்தது. விரித்த இலை நிலத்து ஈரத்தை முன்கூட்டியே குடித்துத் தீர்த்தது. துளை மூடிய இலையில் வியர்வை குறைந்ததால் சூடும் ஏறியது. கை நிறையச் சம்பளம் வந்ததும் பெரிய வீட்டைக் கட்டிவிட்டு, மாசக் கடைசியில் அரிசிக்கு அலைகிற குடும்பத்தின் கதை.

பூச்சியும் சும்மா இல்லை. அதே இல்லினாய் வயலில், வாயு கூடிய வளையங்களில் ஜப்பானிய வண்டுகள் இலையை அதிகமாகத் தின்றன. வண்டின் செரிமானத்தைக் கெடுக்கச் செடி சுரக்கும் காப்புப் பொருள் அங்கே குறைந்திருந்ததை 2008-ல் கண்டுபிடித்தார்கள்.

நெல் குடித்து மீந்த ஈரம்

சியால்தாவில் கிருஷ்ணநகர் லோக்கலைப் பிடித்தால் நதியா மாவட்டத்துக்குள் போய்விடலாம். வழியில் கல்யாணிக்குப் பக்கத்தில் மோகன்பூர், விதான் சந்திர கிருஷி விஸ்வவித்யாலயா இருக்கும் இடம். இன்னும் வடக்கே போனால் முர்ஷிதாபாத் மாவட்டத்து பஹரம்பூரில் பயறு, எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம். வங்காளத்து மசூர் ரகங்கள் சில அங்கே பிறந்தவை.

கிருஷ்ணநகரைத் தாண்டிய ஒரு கிராமத்தில், மொழிபெயர்க்க வந்த கொல்கத்தாத் தமிழ் நண்பரோடு ஒரு வயலில் இறங்கினேன். இந்தப் பக்கத்தில் பைரா என்கிறார்கள். ஆமன் என்ற மழைக்கால நெல்லின் அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போதே, நிற்கும் கதிருக்கு நடுவே மசூரையோ கேசரிப் பருப்பையோ தெளித்துவிடுவது. உழவு கிடையாது, பெரும்பாலும் பாசனமும் கிடையாது. நெல்லை அறுத்த பிறகு தாளுக்கு நடுவே பருப்புச் செடி தலைகாட்டும்.

தஞ்சாவூர், திருவாரூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. தை மாதம் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு மெழுகுப் பதத்து ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளிப்பது அங்கே பரம்பரை வழக்கம். தெளித்த பிறகு அறுவடை இயந்திரம் ஏறி முளையை நசுக்கிவிடுகிறது என்ற புலம்பல்கூட இரண்டு ஊரிலும் ஒன்றே. இந்தியாவில் நெல் அறுத்த பிறகு சும்மா கிடக்கும் நிலம் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல். பெரும்பகுதி கிழக்கு மாநிலங்களில். நாட்டின் பருப்புப் பற்றாக்குறையைத் தீர்க்க எல்லோரும் கைகாட்டுவது இந்த நிலத்தைத்தான்.

வயல்காரர் நிரானியால் (நம்மூர்க் களைக்கொத்தின் தம்பி) ஒரு செடியை வேரோடு நெம்பி எடுத்தார். முழங்கால் உயரம்கூட இல்லை. வெளிர் ஊதா ஓடிய வெள்ளைப் பூக்கள், சோளப் பொரித் துணுக்கு போல. வேரில் கடுகளவு முடிச்சுகள். ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே புது ரத்தம் தோய்ந்த மாதிரி இளஞ்சிவப்பு. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபினுடையது, நம் ரத்தச் சிவப்பின் பங்காளி. அதற்கும் இரும்பு வேண்டும். சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பிறகு பத்தடி தள்ளி, கொஞ்சம் மேடான இடத்தில் இன்னொரு செடியைப் பிடுங்கினார். அங்கே மண் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. முடிச்சைப் பிளந்தால் பச்சையும் பழுப்புமாக, அழுகிய பட்டாணி நிறம். மேலே இலை மட்டும் இன்னும் பசுமையாகத்தான் இருந்தது.

ஒரே வயல், ஒரே காற்று. வாயு எவ்வளவு சர்க்கரை கொடுத்தாலும் ஈரமில்லாத மேட்டில் முடிச்சு முதலில் படுத்துவிடுகிறது. செங்காட்டு மண் கொண்ட புருலியா, பாங்குரா பக்கம் இன்னொரு குறை: மண்ணில் மணிச்சத்தும் போரானும் மாலிப்டினமும் தட்டுப்பாடு. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு மாலிப்டினம் இல்லாமல் ஓடாது.

அடுத்த பயம் வெப்பம். மசூர் பூக்கும் நேரத்தில் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர்ந்துவிடும், காய் பிடித்தாலும் மணி சூம்பும். நவம்பர் நடுவில் விதைத்தது பிப்ரவரியில் தப்பித்துக்கொள்ளும். ஆமன் அறுப்பு தள்ளிப்போய் டிசம்பரில் விதைத்தால் காய் முற்றும் நேரம் மார்ச் வெயிலில் மாட்டிக்கொள்ளும். 2023 பிப்ரவரி, 1901-ல் இருந்து இந்தியா கண்டதிலேயே வெப்பமான பிப்ரவரி என்று வானிலைத் துறை சொன்னது. அடுத்த வருஷம் ஏப்ரல் 30 அன்று கொல்கத்தா அலிப்பூரில் 43 டிகிரி. உருளைக்கிழங்கு எடுத்த நிலத்தில் கோடை மூங் (பாசிப்பயறு) போட்டவர்களுக்கு அது பூப் பருவம். வெப்பம் போதாதென்று, ஜனவரிக் கடைசியில் மேகமூட்டமும் தூறலும் பனியும் சேர்ந்தால் ஸ்டெம்ஃபிலியம் கருகல் நோய் வந்து மசூர் வயலை ஒரு வாரத்தில் பழுப்பாக்கிவிடும்.

கரியமில வாயு தனியாக வருவதில்லை. கூடவே வெப்பத்தையும் ஒழுங்குகெட்ட மழையையும் அழைத்துக்கொண்டுதான் வருகிறது. கூண்டுச் சோதனையில் இந்த விருந்தாளிகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பெட்டிச் செய்தி: மசூரா, மைசூரா?

தமிழ்நாட்டு மளிகைக் கடையில் 'மைசூர் பருப்பு' என்று விற்கும் ஆரஞ்சு நிறப் பருப்பு இதே மசூர்தான். இலங்கையிலும் மைசூர்ப் பருப்பு என்றே பெயர். மைசூரில் இது பெரிதாக விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், பீகார் ஆகியவையே முக்கிய மாநிலங்கள். 'மசூர்' வழியில் எங்கேயோ 'மைசூர்' ஆகிவிட்டது.

தட்டில் மிஞ்சுவது

விளைச்சல் கூடியதா குறைந்ததா என்பது விவசாயியின் வயிற்றெரிச்சல். சாப்பிடுகிறவருக்கு வேறு கணக்கு இருக்கிறது. 2014-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, மூன்று கண்டங்களில் ஏழு இடங்களில் திறந்த வயலில் 546 முதல் 586 வரையிலான அளவில் வளர்ந்த தானியங்களையும் பயறுகளையும் சோதித்தது. பட்டாணியில் துத்தநாகம் 6.8 சதவீதமும் இரும்பு 4.1 சதவீதமும் குறைவு. சோயாவில் துத்தநாகம் 5.1, இரும்பு 4.1. அரிசியில் துத்தநாகம் 3.3, இரும்பு 5.2, புரதம் 7.8 சதவீதம் குறைவு. பயறுகளில் புரதம் அவ்வளவாக அசையவில்லை, வேர்முடிச்சின் புண்ணியம்.

ஐந்தும் ஆறும் ஒரு எண்ணா என்று தோன்றும். மீனும் முட்டையும் பழமும் தட்டில் இருப்பவருக்குத் தெரியவே போவதில்லை. டால்-பாத் மட்டுமே சாப்பாடு என்றால் சோறு, பருப்பு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தேய்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி மேற்கு வங்கத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 71.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் இது 62.5 ஆக இருந்தது. நம்மைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை, தமிழ்நாட்டில் 53.4. இந்தத் தொகையில் கரியமில வாயுவுக்குப் பங்கு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஏற்கெனவே இரும்பு போதாத உடம்புகள் இருக்கும் ஊருக்குத்தான் அந்த 4 சதவீதம் வரப்போகிறது என்கிறேன். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2018-ல் போட்ட கணக்கில், இந்த நூற்றாண்டின் நடுவில் இந்தியாவில் மட்டும் கூடுதலாக 5 கோடிப் பேர் துத்தநாகக் குறைபாட்டுக்கும் 3.8 கோடிப் பேர் புரதக் குறைபாட்டுக்கும் போய்ச் சேருவார்கள்.

போஸ்தாவில் இறங்கும் மூட்டை

சொந்த வயல் கைவிட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்பது கொல்கத்தாவின் பழைய தைரியம். பராபஜார் ஓரத்து போஸ்தா மொத்தச் சந்தையில் பருப்பு மூட்டைகளைச் சுமக்கும் தோள்களுக்கு, உள்ளே இருப்பது எந்த நாட்டுச் சரக்கு என்பதில் அக்கறை இல்லை. 2024-25-ல் இந்தியா இறக்குமதி செய்த பருப்பு 70 லட்சம் டன்னுக்கு மேல். மசூர் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. ஆனால் அந்த நாடுகளுக்கும் இதே வானம்தான். 2021-ல் மேற்குக் கனடாவில் வறட்சி அடித்தபோது மசூர் விளைச்சல் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது.

2025 அக்டோபரில் மத்திய அரசு பருப்புத் தற்சார்பு இயக்கத்தைத் தொடங்கியது: ஆறு ஆண்டுகள், 11,440 கோடி ரூபாய், துவரை, உளுந்து, மசூர் மூன்றுக்கும் முன்னுரிமை, 2030-31-க்குள் 350 லட்சம் டன் உற்பத்தி இலக்கு. 2026-27 கொள்முதல் பருவத்துக்கு மசூரின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இலக்கெல்லாம் டன்னில்தான். மணிக்குள் இருக்கும் இரும்புக்குக் கொள்முதல் நிலையத்தில் தராசு இல்லை.

விதைக்காரர்களிடம் பதில் கொஞ்சம் இருக்கிறது. வடகிழக்குச் சமவெளிக்கென்று வெளியான ஐபிஎல் 220 என்ற மசூர் ரகத்தில் கிலோவுக்கு 73 மில்லிகிராம் இரும்பு, 51 மில்லிகிராம் துத்தநாகம். வழக்கமான ரகங்களில் இரும்பு 45-50தான். அதாவது, காற்று எடுத்துக்கொள்வதைவிட அதிகமாக விதை திருப்பிக் கொடுக்க முடியும். நெல்லில் குறுகிய கால ரகம் போட்டு மசூருக்குப் பத்து நாள் முன்கூட்டி வழிவிடுவது, விதையை மாலிப்டினக் கரைசலில் ஊறவைத்து ரைசோபியம் பூசுவது, நம்மூரில் உளுந்துக்கு டிஏபி கரைசல் தெளிப்பது போல் பூக்கும் நேரத்தில் இலைவழி ஊட்டம் கொடுப்பது எல்லாம் தெரிந்த வைத்தியங்கள். இவற்றில் எதுவும் மேட்டு நிலத்துக்கு ஒரு தண்ணீர் கொண்டுவராது.

ஷாலோ சத்தம்

எல்லையோர நதியாவிலும் முர்ஷிதாபாத்திலும் மசூர் பரவியதற்கு ஒரு உபகதை உண்டு. 2016-ல் பங்களாதேஷில் கோதுமைக்குக் குலைநோய் வந்தது. அது இந்தப் பக்கம் தாவிவிடக் கூடாது என்று மேற்கு வங்க அரசு இந்த மாவட்டங்களில் கோதுமைக்கு விடுமுறை விடச் சொன்னது. காலியான இடத்தில் கடுகும் மசூரும் ஏறின.

மசூர் ஏமாற்றினால் அந்த நிலம் எங்கே போகும்? போரோவுக்குத்தான். போரோ, குளிர்காலத்தில் நட்டுக் கோடையில் அறுக்கும் நெல், பெரும்பாலும் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் நிற்பது. நதியா, முர்ஷிதாபாத், மால்டா, இரண்டு 24 பர்கானாக்கள் எல்லாமே நிலத்தடி நீரில் ஆர்சனிக் உள்ள மாவட்டங்கள். பம்பு ஓட ஓட அந்த ஆர்சனிக் வயலுக்கு ஏறுகிறது, வயலிலிருந்து அரிசிக்கு. தண்ணீர் கட்டிய வயல் மீத்தேன் விடுவது வேறு கதை. ஏறக்குறையத் தண்ணீரே கேட்காத, மண்ணுக்குத் தழைச்சத்தை வைத்துவிட்டுப் போகும் ஒரு பயிரைக் காற்றின் மாற்றம் தோற்கடித்தால், அந்த இடத்துக்கு வருவது காற்றை இன்னும் கெடுக்கும் பயிர்.

நான் பார்த்த வயலுக்கு அடுத்த பள்ளத்தில் போரோ நாற்றங்கால் பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அதுவும் அந்த வயல்காரருடையதுதான். மேட்டு வயலில் இந்த வருஷம் செடி முன்னைவிடத் தழைத்துதான் நிற்கிறது என்றார். "இலையைப் பார்த்தால் சந்தோஷம் தாதா. காய் வந்த பிறகு கேளுங்கள்."

பக்கத்து நிலத்தில் ஷாலோ ஓடிக்கொண்டிருந்தது. ஆழமில்லாத குழாய்க் கிணற்றுக்கு இங்கே இங்கிலீஷிலிருந்து சுருக்கி வைத்த பெயர். டீசல் புகையோடு தண்ணீர் துப்பித் துப்பி வாய்க்காலில் விழுந்தது. வயல்காரர் அந்தப் பழுப்பு முடிச்சுச் செடியை வரப்பில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் மேட்டிலும் பைராவா என்று நண்பர் கேட்டார். அவர் பம்பு பக்கமே பார்த்தபடி, மேடுவரை குழாய் இழுக்க மணிக்கு என்ன வாடகை என்று நேற்றே விசாரித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.